சகாய விலைச் சுத்தியல்

"சகாய விலை" என்னும் சொல்லுக்கு உள்ள ஆகர்ஷண சக்தி நம் பாஷையில் வேறெந்தச் சொல்லுக்கும் கிடையாது என்பது நமது அபிப்பிராயம். இதில் சந்தேகம் உள்ளவர்கள் ஒரு நாள் மாலை வேளையில் திருச்சிராப்பள்ளி தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள கடைவீதியில் சிறிது தூரம் நடந்து பார்க்கலாம். "எது எடுத்தாலும் 99 ரூபாய்" என்று ஒரு பலகை தொங்கினால் போதும். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்குவதற்காக வீட்டிலிருந்து புறப்பட்ட கனவான் அங்கே நின்று விடுவார். அரைமணி கழித்து அவர் வீடு திரும்பும்போது கையில் ஒரு சுத்தியலும், ஆறு திருப்புளிகள் அடங்கிய பெட்டி ஒன்றும், இன்னதென்று அவருக்கே தெரியாத மற்றொரு கருவியும் இருக்கும். கறிவேப்பிலை மட்டும் இராது.

இப்போது கடைவீதி வரையில் போக வேண்டிய சிரமங்கூட இல்லை. கைப்பேசியைத் திறந்தால் கடையே வீட்டுக்குள் வந்து விடுகிறது. 1,999 ரூபாய் என்று எழுதி, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் 399 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். அடிக்கப்பட்ட அந்த 1,999 ரூபாய்க்கு உலகத்தில் எவராவது, எப்போதாவது அந்தச் சாமானை வாங்கியது உண்டா என்று நாம் யோசிப்பதில்லை. 1,600 ரூபாய் லாபம் வந்துவிட்டதாகவே மனம் கணக்குப் போடுகிறது.

நாம் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். பௌதிகம் சொல்லிக் கொடுப்பது தொழில். மாதச் சம்பளத்தில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மலிவு என்பது பரிகாசத்துக்குரிய விஷயம் அல்ல. அது ஜீவாதாரமான விஷயம். "மலிவான கருவியை வாங்காதே, எப்போதும் உயர்ந்ததையே வாங்கு" என்று உபதேசம் செய்கிறவர்களை நாம் அறிவோம். அவர்கள் பெரும்பாலும் பணம் உள்ளவர்கள். வருஷத்துக்கு ஒரு முறை சுவரில் படம் மாட்டுவதற்கு ஆயிரம் ரூபாய்ச் சுத்தியல் எதற்கு? அதே சமயம், மலிவு என்பதற்காக எதையும் வாங்கலாம் என்று சொல்லவும் நமக்குத் தைரியம் இல்லை. ஆகவே கேள்வி இதுதான்: கருவிகளில் எவற்றை மலிவாக வாங்கலாம்? எவற்றை மலிவாக வாங்கலாகாது? கடையில் நிற்கும்போது அதை எப்படிக் கண்டு கொள்வது?

இந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர் நமக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். பொன்மலை ரயில்வே தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலை நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பொன்மலைக்கு வந்தது. அவருடைய தகப்பனாரும் அங்கே வேலை பார்த்தவரே. ஆகையால் அவருக்கு இரும்பைப் பற்றிய ஞானம் பிதிரார்ஜிதம். நாம் அவரை "அண்ணே" என்று அழைப்போம். அவர் நம்மை "வாத்தியார் ஸார்" என்பார். ஒரு சமயம் நாம் மேற்படி கேள்வியைக் கேட்டபோது அவர் சொன்ன பதில் இது:

"வாத்தியார் ஸார்! சாமான் என்று இருந்தால் ஒரு நாள் உடையத்தான் உடையும். உடைகிறபோது அது தன்னோடு எதைக் கொண்டு போகிறது என்று பாருங்கள். அதைப் பார்த்து விலை கொடுங்கள்."

எத்தனையோ புத்தகங்களைப் புரட்டினாலும் இதைவிடச் சுருக்கமான சூத்திரம் அகப்படாது என்று நமக்குத் தோன்றியது. இதை வைத்துக் கொண்டு வீட்டில் புழங்கும் கருவிகளை மூன்று ஜாதியாகப் பிரித்து விடலாம்.

முதல் ஜாதி, உடைந்தால் தான் மட்டும் போகிறவை. வர்ணம் பூசும் பிரஷ், சுவர் சுரண்டும் தகடு, கருவிகள் வைக்கும் பை, ஹாக்ஸா ரம்பத்தின் சட்டம், பூச்சட்டிக்கு மண் அள்ளும் கரண்டி முதலியவை இந்த ஜாதி. இவற்றைத் தாராளமாக மலிவில் வாங்கலாம். பிரஷ் மயிர் உதிர்ந்தால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு பிரஷ் வாங்கினால் விஷயம் தீர்ந்தது. ஹாக்ஸா சட்டம் நூறு ரூபாய்ச் சட்டமாகவே இருக்கட்டும்; அதில் மாட்டும் பிளேடு மட்டும் நல்லதாக இருக்கட்டும். அறுப்பது பிளேடுதானே தவிர, சட்டம் அல்ல.

இரண்டாவது ஜாதி, தான் கெட்டதுமன்றி வேலையையும் கெடுக்கிறவை. மட்டமான திருப்புளியின் நுனி வழுக்கினால் திருப்புளிக்கு ஒன்றும் பெரிய நஷ்டம் இல்லை. திருகின் தலைதான் மழுங்கிப் போகிறது. பிறகு அந்தத் திருகை உள்ளேயும் தள்ள முடியாது. வெளியேயும் எடுக்க முடியாது. நட்சத்திரத் தலைத் திருகுகளில் இந்த விபத்து அதிகம். அவ்வாறே மெதுவான இரும்பால் செய்த ஸ்பானரின் வாய், சற்று அழுத்தினால் அகன்று கொடுத்து, நட்டின் ஆறு மூலைகளையும் வட்டமாக்கி விடும். 80 ரூபாய் மிச்சம் பிடித்த ஸ்பானர், ஸைக்கிளையோ மோட்டார் பம்பையோ பட்டறைக்கு அனுப்பி 800 ரூபாய் செலவு வைக்கும்.

மூன்றாவது ஜாதி, உடையும்போது கையையோ கண்ணையோ உயிரையோ கேட்கிறவை. சுத்தியல், உளி, மின்சார வேலைக்கான டெஸ்டரும் கட்டிங் பிளேயரும், கிரைண்டரில் மாட்டும் வட்டச் சக்கரம், காரைத் தூக்கும் ஜாக்கி, ஏணி எல்லாம் இந்த ஜாதி. இங்கே மலிவு என்ற பேச்சை வெளியே செருப்போடு விட்டுவிட்டுத்தான் கடைக்குள் நுழைய வேண்டும்.

சுத்தியலும் மூன்றாவது ஜாதியா என்று சிலர் ஆச்சரியப்படலாம். நமது சக ஆசிரியர் ஒருவர் நடைபாதையில் வாங்கிய சுத்தியலைக் கொண்டு ஆணி அடித்தார். மூன்றாவது அடியில் ஆணி உள்ளே போகவில்லை. சுத்தியலின் தலை காம்பை விட்டுப் புறப்பட்டுப் போய் பீரோக் கண்ணாடியில் பிரவேசித்தது. கண்ணாடிக்கு முன்னால் தலைவாரிக் கொண்டிருந்த பெண் குழந்தை ஒரு நிமிஷத்துக்கு முன்புதான் தாயார் கூப்பிட்டாள் என்று சமையலறைக்குப் போயிருந்தது. பீரோவுக்குப் புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுவதில்லை.

சுத்தியலின் கோளாறு சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியக் கூடியதே. காம்பு மரமானால், மரத்தின் ரேகை காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் ஒரு நாள் குறுக்கே முறியும். தலையின் துவாரத்துக்குள் காம்பு புகுந்து, மேற்புறத்தில் ஆப்பு அறைந்திருக்க வேண்டும். தலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தால் மயிரிழையும் அசையக் கூடாது. ஆப்புக்குப் பதிலாகப் பசையையும் வர்ணத்தையும் நம்பியிருக்கும் சுத்தியல் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வேண்டாம்.

ஆனால் எல்லாக் கருவிகளின் குணமும் இப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. கருவியின் விலையில் ஒரு பகுதி, பார்த்தால் தெரிகிற குணத்துக்கு. மற்றொரு பகுதி, பார்த்தால் தெரியாத குணத்துக்கு. பார்த்துத் தெரிந்து கொள்ளக் கூடியதை எந்தக் கடையிலும் வாங்கலாம். தெரிந்து கொள்ள முடியாததற்கு, நம்பக்கூடிய பெயரைத்தான் நாடவேண்டும்.

பார்த்தால் தெரிகிறவற்றில் முதன்மையானவை அளவுக் கருவிகள். ரசமட்டத்தை எடுத்துக் கொள்வோம். கடை மேஜையின் மீது அதை வைத்து, நீர்க்குமிழி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு ரசமட்டத்தை இடம் வலமாகத் திருப்பி, அதே இடத்தில் வையுங்கள். குமிழி முன் நின்ற இடத்திலேயே வந்து நின்றால் மட்டம் சரி. மேஜை கோணலாக இருந்தாலும் இந்தப் பரீட்சை பலிக்கும். மூலைமட்டத்துக்கும் இதுவே வழி. நேரான விளிம்புள்ள பலகையின் மீது அதைப் பொருத்தி ஒரு கோடு கிழியுங்கள். மட்டத்தைப் புரட்டி, அதே புள்ளியிலிருந்து மறுபடி ஒரு கோடு கிழியுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றாக விழுந்தால் செங்கோணம். பிரிந்து போனால் மட்டம் பொய் சொல்கிறது. இந்தப் பரீட்சைகளில் தேறிய 100 ரூபாய்ச் சரக்கு, 600 ரூபாய்ச் சரக்குக்குச் சளைத்தது அல்ல.

அளவு நாடாவைப் பற்றி ஒரு வேடிக்கை. அதன் நுனியில் உள்ள கொக்கி சிறிது ஆடும். "கொக்கி ஆடுகிறது, வேறு கொடு" என்று கடைக்காரரிடம் சண்டை போடும் பெரியோர்கள் உண்டு. ஆனால் அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்த ஆட்டம். பலகையின் விளிம்பில் கொக்கியை மாட்டி இழுத்து அளக்கும்போதும், சுவரில் முட்டவைத்து அளக்கும்போதும், கொக்கித் தகட்டின் கனம் கணக்கில் ஏறாமல் இருப்பதற்காக, அந்தக் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அது நகரும்படி செய்திருக்கிறார்கள். கொக்கியை ஆடாமல் இறுக்கி அடித்திருந்தால் அந்த நாடாதான் மட்டம். நாடாவை வீட்டில் உள்ள நல்ல அடிக்கோலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் கவலை தீர்ந்தது.

பார்த்தால் தெரியாதது எஃகின் பதம். எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். ஆகவே அதை மறுபடியும் மிதமாகச் சூடாக்கி, அந்த முரட்டுத்தனத்தைச் சிறிது தணிக்க வேண்டும். குறைவாகத் தணித்தால் கருவி உடையும். அதிகமாகத் தணித்தால் மழுங்கும். பழைய லாரியின் வில்பட்டையை வாங்கி அரிவாள் அடிக்கும் நமது கிராமத்துக் கொல்லர், தீயில் எஃகின் நிறத்தைப் பார்த்தே இந்தப் பதத்தை அறிவார். பெரிய தொழிற்சாலைகளில் யந்திரங்கள் அறியும். பதம் போடுவதற்கு நேரமும் எரிபொருளும் கவனமும் வேண்டும். விலையைக் குறைக்க வேண்டுமென்று நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். ஏனெனில், அங்கே கை வைத்தால் வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. மேலே குரோமிய முலாம் பூசிவிட்டால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிதான் மின்னும்.

இரும்பின் மேல் "குரோம் வனேடியம்" என்று பொறித்திருப்பதைக் கண்டு மயங்குகிறவர்கள் உண்டு. அந்த எஃகு நல்ல எஃகுதான். ஆனால் அதில் குரோமியம் நூற்றுக்குச் சுமார் ஒரு பங்கு. வனேடியம் அதைவிட மிகக் குறைவு. அந்தச் சொற்பப் பங்கு உள்ளே இருக்கிறதா என்று கடையில் யார் கண்டார்கள்? எழுத்துப் பொறிப்பதற்கு வனேடியம் வேண்டியதில்லை. ஓர் அச்சு இருந்தால் போதும்.

இருந்தாலும் பதத்தைக் குறித்துச் சிறிது ஊகிப்பதற்கு அண்ணே சில யுக்திகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கட்டிங் பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வெட்டும் வாய்களுக்கு இடையே ஒளி கசியலாகாது. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்தால் நடுமூட்டு ஆடலாகாது. மெல்லிய காகிதத்தை வாயில் கொடுத்து அழுத்தினால், அது கசங்காமல் வெட்டுப்பட வேண்டும். கடைக்காரர் சம்மதித்தால் ஓர் அரத்தின் மூலையை வெட்டும் வாயின் மேல் மெதுவாக இழுத்துப் பார்க்கலாம். அரம் வழுக்கிக் கொண்டு போனால் எஃகு கடினமானது, கடித்துக் கொண்டு நின்றால் மிருதுவானது. துரப்பண பிட்டை ஒரு கண்ணாடித் தட்டின் மேல் உருட்டினால், கோணல் இருந்தால் தத்தளித்துக் காட்டிக் கொடுக்கும். இரும்பில் துளை போடும் பிட்டின் அடிப்பாகத்தில் "எச்.எஸ்.எஸ்." என்ற எழுத்துக்களைப் பார்த்து வாங்குவது நலம். சாதாரணக் கார்பன் எஃகு, உராய்வில் சூடேறினால் பதம் இழந்து மழுங்கும். இந்த எஃகு அந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் இந்த எழுத்துக்களும் வனேடியத்தைப் போலப் பொய்யாகப் பொறிக்கப்படலாம் என்பதால், பிட்டுகளை மட்டும் தெரிந்த கடையில் வாங்க வேண்டும் என்பது அண்ணேயின் கட்டளை.

மூன்றாவது ஜாதிக் கருவிகளில் இரண்டைப் பற்றி விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறோம். ஏனெனில் இவை இரண்டும் இப்போது சாதாரணக் குடும்பங்களில் வெகு மலிவாகப் புகுந்து விட்டன.

ஒன்று, டெஸ்டர். மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்கும் இந்தச் சிறு திருப்புளிக்குள் ஒரு நியான் விளக்கும், அதனுடன் தொடராக ஒரு மின்தடையும் இருக்கின்றன. தடையின் அளவு சாதாரணமாகப் பத்து லட்சம் ஓம் என்று வைத்துக் கொள்வோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எட்டாம் வகுப்புக் கணக்குப் போட்டால், நம் உடம்பின் வழியே செல்லும் மின்னோட்டம் ஒரு மில்லி ஆம்பியரில் கால் பங்குக்கும் குறைவு. அதனால்தான் டெஸ்டரின் தலையில் விரலை வைத்தும் நாம் பிழைத்திருக்கிறோம். நமக்கும் யமனுக்கும் நடுவே நிற்பது, மிளகைவிடச் சற்றே பெரிதான அந்தத் தடை ஒன்றுதான். அது சரியானதாக இல்லாவிட்டால், அல்லது விரிசல் விட்ட பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் புகுந்து அதைத் தாண்டி மின்சாரம் பாய வழி செய்துவிட்டால், பத்து ரூபாய் மிச்சத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்ன? மேலும், நல்ல டெஸ்டரையும் ஒவ்வொரு முறையும் மின்சாரம் நிச்சயமாக உள்ள இடத்தில் முதலில் வைத்துப் பார்த்துவிட்டே நம்ப வேண்டும். எரியாத டெஸ்டர், கம்பியில் உயிர் இல்லை என்பதற்கு அத்தாட்சி அல்ல; டெஸ்டரிலேயே உயிர் இல்லாமலும் இருக்கலாம்.

கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் உள்ள பிளாஸ்டிக் உறையும் இப்படித்தான் ஏமாற்றும். பல கருவிகளில் அந்த உறை கை வழுக்காமல் இருப்பதற்காக மட்டும் போடப்பட்டது. மின்சாரத்தைத் தடுப்பதற்காக அல்ல. மின்சாரத்தைத் தடுக்கும்படி பரீட்சித்துச் செய்த கருவியில் இரட்டை முக்கோணச் சின்னமும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். மின்சார வேலை செய்கிறவர்கள் அதைத்தான் தேட வேண்டும்.

மற்றொன்று, கிரைண்டர். ஆயிரத்துச் சில்லறை ரூபாய்க்கு இந்த யந்திரம் இன்று கிடைக்கிறது. அதில் மாட்டும் 100 மில்லி மீட்டர் சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 தடவை சுற்றுகிறது. கணக்குப் போட்டால் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பறக்கிறது என்று தெரியும். வந்தே பாரத் ரயில்கூட அந்த வேகத்தில் போவதில்லை. மட்டமான சக்கரம் அந்த வேகத்தில் பிளந்தால், துண்டுகள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் சக்கரத்தின் மீது அச்சிட்டிருக்கும் சுற்று வேகம், யந்திரத்தின் வேகத்துக்கு அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிசின் கொண்டு ஒட்டிச் செய்த சக்கரங்களுக்குக் காலாவதித் தேதியும் உண்டு. தயாரித்ததிலிருந்து மூன்று வருஷம். மருந்துப் புட்டியில் தேதி பார்க்கும் நாம் இதிலும் பார்க்கலாம். யந்திரத்தின் மேல் உள்ள காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்வது வீரம் அல்ல. கண்ணாடி அணிந்து கொள்வது கோழைத்தனமும் அல்ல.

இந்த ஞானமெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடாமல் பிரயோஜனப்பட்ட சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நம்மிடம் படித்து, பிறகு ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பை முடித்த பையன் ஒருவன் சென்ற வருஷம் நம்மைத் தேடி வந்தான். அவனுடைய தாயார் பூக்கட்டி விற்பவர். மகன் சொந்தத்தில் தொழில் தொடங்குவதற்காக 3,000 ரூபாய் சேர்த்துக் கொடுத்திருந்தார். பூவை முழம் போட்டு விற்று 3,000 ரூபாய் சேர்ப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

பையன் கைப்பேசியை நீட்டி, "ஐயா! இதை வாங்கலாமா?" என்று கேட்டான். 108 சாமான்கள் அடங்கிய பெட்டி. விலை 2,499 ரூபாய். நூற்றுக்கு எழுபத்தைந்து தள்ளுபடி. அன்று இரவு பன்னிரண்டு மணியோடு சலுகை முடிகிறது.

அண்ணேயையும் கூப்பிட்டு மூவருமாக உட்கார்ந்து அந்தப் படத்தைப் பரிசீலனை செய்தோம். 108 என்னும் எண்ணிக்கையில் ஆணிகள், திருகுகள், கம்பி கட்டும் பிளாஸ்டிக் பட்டைகள் எல்லாம் தனித்தனி சாமானாக எண்ணப்பட்டிருந்தன. ஒரே கைப்பிடியில் மாட்டும் சின்னஞ்சிறு நுனிகள் நாற்பது. எலக்ட்ரீஷியனுக்கு உபயோகப்படுபவை என்று பொறுக்கினால் ஒன்பது தேறின. அந்த ஒன்பதில் மின்சாரத்துக்குக் காப்புள்ளது ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கையால் வகுத்தால் சாமான் ஒன்றுக்கு 23 ரூபாய். உபயோகத்தால் வகுத்தால் ஒன்றுக்கு 278 ரூபாய். பெட்டிகளை மதிப்பிடுவதற்கு இந்த இரண்டாவது வகுத்தலே சரியான வகுத்தல்.

மறுநாள் கடைவீதிக்குப் போனோம். காப்புள்ள கட்டிங் பிளேயர் 450, காப்புள்ள திருப்புளிகள் மூன்று 480, டெஸ்டர் 90, மல்டிமீட்டர் 750, சுத்தியல் 280, சுவர் கொத்தும் உளி 120, கண்ணுக்குக் கண்ணாடி 120. ஆக 2,290 ரூபாய், உயிரையும் தொழிலையும் காக்கும் சாமான்களுக்குப் போயிற்று. இவற்றில் பேரம் பேசினோமே தவிர, தரத்தில் இறங்கவில்லை. மற்றவற்றில் தயங்காமல் மலிவுக்கு இறங்கினோம். பை 150, அளவு நாடா 90, ஹாக்ஸா சட்டம் 120, ரசமட்டம் 110. சட்டத்துக்கு நல்ல பிளேடுகளாக இரண்டு 60. ஆக 530 ரூபாய். மொத்தம் 2,820. மிச்சம் 180 ரூபாயைப் பையன் தாயாரிடமே திருப்பிக் கொடுத்தான்.

ஒரு வருஷம் ஆகிறது. கட்டிங் பிளேயர் இன்னும் புதிது போல வெட்டுகிறது. பையின் ஜிப் நாலாவது மாதமே போய்விட்டது. வேறு பை 150 ரூபாய்க்கு வாங்கிக் கொண்டான். அது போனதில் அவனுக்கு 150 ரூபாயைத் தவிர வேறொன்றும் போகவில்லை.

தினந்தோறும் உபயோகிக்கிறவர்களுக்கும் எப்போதோ ஒரு தடவை உபயோகிக்கிறவர்களுக்கும் கணக்கு ஒன்று அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 400 ரூபாய் ஸ்பானரைத் தினம் எடுக்கும் மெக்கானிக்குக்கு ஒரு வருஷத்தில் நாளொன்றுக்கு ஒரு ரூபாய்ச் சொச்சந்தான் ஆகிறது. வருஷத்துக்கு இருமுறை எடுக்கும் குடும்பஸ்தனுக்கு ஒவ்வொரு தடவையும் 200 ரூபாய். ஆகவே, உயிருக்கு ஆபத்தில்லாத கருவிகளில், முதலில் மலிவானதை வாங்கி உபயோகித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். உபயோகித்து உபயோகித்தே அது தேய்ந்து போனால், இந்தக் கருவி நமக்கு வேண்டியதுதான் என்று ருசுவாகிவிட்டது. அடுத்த தடவை நல்லதாக வாங்கலாம். மூலையில் துருப்பிடித்துக் கிடந்தால், நல்ல வேளையாக அதிகப் பணம் போடவில்லை என்று சந்தோஷப்படலாம்.

கைப்பேசியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஆட்டிப் பார்க்கவும் உருட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஆகவே புகழ்ச்சிகளை விட்டுவிட்டு, வாங்கி ஏமாந்தவர்கள் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். நல்லது என்று எழுதியவர்களில் பலர் பெட்டியைப் பிரித்தவுடன் எழுதியவர்கள். உடைந்தது என்று எழுதியவர்கள் உபயோகித்தவர்கள். எந்த இடத்தில் உடைந்தது என்று பத்துப் பேர் ஒரே மாதிரி எழுதியிருந்தால் அதை நம்பலாம். கட்டிவரும் சாமான்களின் மீது தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், விலாசம், அதிகபட்ச விலை, குறை சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்று 2011-ம் வருஷத்துச் சட்ட விதிகள் சொல்கின்றன. விலாசம் இல்லாத கருவி, தகப்பன் பேர் சொல்லாத மாப்பிள்ளை மாதிரி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், முத்திரையின் மேலே தர எண்ணும், கீழே உரிம எண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த உரிம எண் மெய்யா பொய்யா என்பதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கைப்பேசிச் செயலியில் ஒரு நிமிஷத்தில் தெரிந்து கொள்ளலாம்.

சுதேசிச் சாமானா, அன்னிய நாட்டுச் சாமானா என்ற கேள்வியும் எழும். மலிவுக்கு மலிவு நம் நாட்டிலேயே கிடைக்கிறது என்பதைப் பலர் அறியார். பஞ்சாபில் ஜலந்தரும், ராஜஸ்தானத்தில் நாகௌரும் கைக்கருவிகள் செய்வதில் பேர் பெற்றவை. ஜலந்தர்க் கருவிகள் கடல் கடந்தும் போகின்றன. மீரட் நகரத்துக் கத்தரிக்கோல், பழைய இரும்பைக் கொண்டு செய்வது. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. அதைச் சாணை பிடித்துச் சாணை பிடித்துப் பேரன் காலம் வரையில் உபயோகிக்கலாம். வெள்ளையாய்ப் பளபளக்கும் மலிவுக் கத்தரியோ முதல் சாணைக்கே இடம் கொடாது. ஆனால் தேசத்தின் பெயரை மாத்திரம் பார்த்து முடிவு கட்டுவதும் பிசகு. நல்லதும் பொல்லாததும் எல்லாத் தேசத்திலும் செய்கிறார்கள். பழுதானால் சாணை பிடிக்கவும் காம்பு மாற்றவும் நம் ஊரில் ஆள் அகப்படுமா என்று கேட்டுக் கொள்வதே மேல். அப்படிப்பட்ட கருவி நமக்கும் லாபம். நமது ஊர்க் கொல்லருக்கும் தச்சருக்கும் ஜீவனம்.

எல்லாவற்றையும்விட மலிவான நல்ல கருவிகள் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு. அது பழைய இரும்புக் கடை. சென்னையில் 1985-ல் தீக்கிரையாகும் வரையில் மூர் மார்க்கெட் இத்தகைய பழைய சாமான்களுக்குப் பேர் போனதாக இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் அதன் தம்பி தங்கைகள் உண்டு. முப்பது வருஷம் உழைத்துவிட்டு இன்னும் முழுசாக இருக்கும் கொறடு, தன் பதத்துக்குத் தானே சாட்சி சொல்கிறது. மேலே உள்ள துருவைக் கண்டு பயப்பட வேண்டாம். அது எண்ணெய்க்கும் உப்புத் தாளுக்கும் போய்விடும். விரிசலைக் கண்டால் மட்டும் கீழே வைத்து விடுங்கள். உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் போல் விரிந்திருந்தால், அந்த விளிம்பு தெறித்துக் கண்ணில் பாயும். சாணையில் கொடுத்து அதை வழித்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்" என்பது பழமொழி. உண்மைதான். ஆனால் வல்லவர்கள் சொற்பம். நம் போன்றவர்களுக்கு ஆயுதம் ஆயுதமாகவே இருந்தால்தான் வேலை நடக்கிறது.

வருஷந்தோறும் ஆயுத பூஜை வருகிறது. கருவிகளைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு வைக்கிறோம். நேயர்கள் அடுத்த ஆயுத பூஜையன்று ஒரு சிறு காரியம் செய்து பார்க்கலாம். சென்ற பூஜைக்குப் பிறகு மலிவென்று வாங்கிய கருவிகளில் எத்தனை இந்தப் பூஜைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்று எண்ணுங்கள். வந்து சேர்ந்தவை மெய்யாகவே மலிவானவை. அவற்றுக்குப் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வையுங்கள். வராமற் போனவற்றின் பெயரையும் விலையையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பர்சுக்குள் வைத்துக் கொள்ளுங்கள். "எது எடுத்தாலும் 99 ரூபாய்" என்ற பலகையின் கீழே நிற்கும்போது அந்தக் காகிதம் உதவும். கறிவேப்பிலையும் வீடு வந்து சேரும்.